பிரிக்காத பொட்டலமும் பள்ளிபாளையத்துக் காரும்

கண்ணு,

புதன்கிழமை நீ அனுப்பிய ஆறு படங்களையும் பார்த்துவிட்டேன். பெரிதாக்கிப் பார்த்தேன், போனைச் சாய்த்துப் பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். பள்ளிபாளையத்தில் யார் வீட்டு வாசலிலோ, வேப்பமர நிழல் பாதி மேலே விழுந்திருக்க, அந்த வெள்ளைக் கார் கழுவித் துடைத்து நிற்கிறது. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. "ஞாயித்துக்கெழம போயிப் பாக்கறம்மா. ஆனா எடுக்கறதா வேண்டாமான்னு நீயே சொல்லிரு. நான் எடுத்தா வெளங்காதுன்னு உனக்கே தெரியுமில்ல" என்று சொல்லிவிட்டு நீ சிரித்தாய். நானும் கூடவே சிரித்தேன். போனை வைத்த பிறகு, அரைக்க வைத்திருந்த தேங்காயை அப்படியே விட்டுவிட்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். நீ அழுதுகொண்டு சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. சிரித்துக்கொண்டே சொல்லும் அளவுக்கு அது உனக்குப் பழகிப்போய்விட்டது.

அதை உனக்குப் பழக்கியவள் நான்தான். உன் கை ராசியில்லாத கை என்று இந்தக் குடும்பத்தில் ஒரு பேச்சு இருக்கிறதே, அது எங்கே தொடங்கியது என்று உனக்குத் தெரியும். ஏன் தொடங்கியது என்பது எனக்கு மட்டுந்தான் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பதினாறு வருடம் தாமதமாக எழுதுகிறேன். உறையை ஒட்டாமல் அனுப்புகிறேன். அப்பா, அத்தை, மாமா, யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். கோயில் வாசலில் பத்துப் பேருக்கு முன்னால் செய்த தப்பை உன் காதில் மட்டும் ரகசியமாகச் சொல்லித் திருத்திவிட முடியாது.

முதலில் காரைப் பற்றிப் பேசுகிறேன், எனக்கு அது கொஞ்சம் சுலபம். நாமக்கல்லில் தீவனப் பரிசோதனைக் கூடத்தில் நீ சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஸ்கூட்டரில் எருமப்பட்டி வரைக்கும் பண்ணை பண்ணையாகப் போய் வருகிறாய். கால் வைக்கும் இடத்தில் மாதிரிப் பெட்டியை வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் ஒரு லாரி அந்தப் பக்கம் ஒரு லாரி என்று நீ போவதை நினைத்தால் பகலில்கூட எனக்கு நிலைகொள்ளாது. உன்னிடம் சொன்னதில்லை. சின்னக் கார் வேண்டாம், டிக்கி தனியாக இருக்கிற செடான்தான் வேண்டும் என்று நீ ஏன் பிடிவாதமாக இருக்கிறாய் என்று அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. கோழி எச்சமும் தீவனமும் அடைத்த பெட்டிகள் ஆள் உட்காரும் இடத்தோடு சேர்ந்திருந்தால் அந்த வாடையும் தூசியும் உனக்கு மறுபடி மூச்சிளைப்பைக் கொண்டுவந்துவிடும் என்று நான்தான் விளக்கினேன். "அப்பக் கோழிப்பீக்குத் தனி ரூமு கேக்கறாளா உன்ற மக" என்றார். ஆனால் மறுநாளே தெரிந்தவர்களிடமெல்லாம் செடான் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

புதன்கிழமை நீ இன்னொன்றும் சொன்னாய். "தெரிஞ்சவங்க வண்டிதாம்மா. எங்கூட வேல செய்யற புள்ளையோட மாமா. மெக்கானிக்கெல்லாம் கூட்டிட்டுப் போய் நின்னா நல்லாவா இருக்கும்?" அந்தக் கேள்வியைக் கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் நானும் ஒரு முறை கேட்டிருக்கிறேன். அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அப்போது உனக்கு ஏழு வயது, எனக்கு இருபத்தொன்பது. இயற்பியலில் பட்டம் வாங்கிய கையோடு கல்யாணமாகி ராசிபுரத்துக்கு வந்தவள் நான். பண்ணைகளுக்கு முட்டை அடுக்கும் அட்டை கொடுக்கும் தொழிலை அப்பா அப்போதுதான் தொடங்கியிருந்தார். வீட்டில் ஒரே ஒரு பைக். அந்த ஐப்பசியில் மட்டும் மூன்று முறை உன்னைச் சேலத்துக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அப்பா ஓட்ட, நான் பின்னால், நடுவில் நீ. முட்டை அட்டை நனையாமல் மூடும் பிளாஸ்டிக் தாளை உன்மேல் சுற்றியிருப்பேன். உன் விலா எலும்பு என் வயிற்றில் ஏறி ஏறி இறங்கும். ஆண்டகலூர் கேட்டிலிருந்து சேலம் வரைக்கும் ஒவ்வொரு மூச்சாக எண்ணிக்கொண்டே வருவேன். ஒரு மூச்சு தாமதமானால் எனக்கு உயிர் போய்விடும்.

அந்தச் சமயத்தில்தான் உன் மாமா, திருச்செங்கோட்டிலிருக்கும் என் அண்ணன், தன்னுடைய சாம்பல் நிறச் செடானைக் கொடுத்துவிடப்போவதாகச் சொன்னார். "அம்மிணி, வெளியாளுக்குக் குடுக்கறதுக்கு உனக்குக் குடுத்தா எனக்கும் நிம்மதி. புள்ளைய வெச்சுட்டு மழைல திரியற. வந்து எடுத்துக்கோ" என்றார். உன் அப்பா ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய்ப் பார்த்துவிடலாம் என்றார். எனக்கு வந்ததே கோபம். "எங்கண்ணன் வண்டிய மெக்கானிக்கை வெச்சுச் சோதிச்சா, நாளைக்கு அவரு மூஞ்சில நான் எப்படீங்க முழிக்கிறது?" என்றேன். அப்பா தலையைச் சொறிந்தார். "சொந்தத்துக்குள்ள வண்டி வாங்கறதுனா இதுதான் வம்பு. வாயத் தொறக்கவும் முடியாது, மூடவும் முடியாது" என்றார். இரண்டு நாள் யோசித்துவிட்டு அவரே ஒரு வழி சொன்னார். "செரி, கோயல்ல பூக் கேட்டுப் பாத்துப்போடலாம். சாமி வேண்டாம்னு சொன்னா உங்கண்ணன் தப்பா நெனைக்க மாட்டாரு."

பூக் கேட்பது நம் பக்கத்தில் புதிதல்ல. பெண் எடுக்கும் முன்னால், போர்வெல் போடும் முன்னால், நிலம் வாங்கும் முன்னால் இப்படித்தான் கேட்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி காலடியில் வைத்துக் கும்பிட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. வரும் பூதான் பதில். மெக்கானிக்கிடம் கேட்டால் சொந்தத்துக்கு அவமரியாதை, சாமியிடம் கேட்டால் யாருக்கும் குறையில்லை. வண்டியின் எஞ்சினைப் பார்க்கும் வேலையைக் குலதெய்வத்தின் தலையில் கட்டுவதற்கு நம் ஆட்களால்தான் முடியும்.

அதற்கு ஒரு வாரம் முன்னால் அந்தக் காரில் நான் உட்கார்ந்து பார்த்திருந்தேன். கண்ணாடியை ஏற்றியதும் ஒரு வாடை வந்தது. நனைந்த கோணிச்சாக்கு வெயிலில் பாதி காய்ந்தால் வருமே, அது. அதை அமுக்க மல்லிகை வாசனைப் பாட்டில் ஒன்று முன்னால் தொங்கியது. முன்விளக்குக்குள்ளே ஆவி படிந்திருந்தது. சீட்டை முன்னே பின்னே நகர்த்தும் கம்பியில் துரு. மூடிய விளக்குக்குள் ஈரம் எப்படிப் போகும், சீட்டுக்கடியில் துரு ஏன் வரும் என்று கேட்கத்தான் எனக்கு மூன்று வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தார்கள். நான் கேட்கவில்லை. இதில் ஏறினால் பிள்ளை நனையாது என்பதைத் தவிர வேறெதையும் யோசிக்கக் கூடாது என்று பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

கோயிலில் பூசாரி, "ஊட்டுப் பொம்பள கையால கட்டியாங்கம்மா" என்று இரண்டு துண்டுக் காகிதமும் மஞ்சள் நூலும் கொடுத்தார். வெள்ளை வந்தால் வாங்குவது, சிவப்பு வந்தால் விட்டுவிடுவது என்று எல்லோர் முன்னாலும் பேசியாகிவிட்டது. கோயிலுக்குப் பின்னால் ஒற்றை நந்தியாவட்டையும் செம்பருத்தியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. முதல் பொட்டலத்தில் நந்தியாவட்டையை வைத்துக் கட்டினேன். செம்பருத்தியைப் பறிக்கக் கையை நீட்டினேன். அன்று காலையிலும் நீ இளைத்துக்கொண்டுதான் இருந்தாய். நீ கோயிலுக்கு முன்னால் இருந்தாலும் உன் மூச்சு என் காதுக்குள்ளேயே கேட்டது. சிவப்பு வந்துவிட்டால் இன்னொரு மழைக்காலம் முழுக்க அந்த பிளாஸ்டிக் தாள்தான். நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். இன்னொரு நந்தியாவட்டையைப் பறித்தேன்.

இரண்டிலும் வெள்ளை, கண்ணு. நீ எதை எடுத்திருந்தாலும் வெள்ளைதான் வந்திருக்கும்.

பூசாரி உன்னைக் கூப்பிட்டு, "சின்னக் கையி, கள்ளம் தெரியாத கையி. நீ எடு சாமி" என்றார். நீ உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாய். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாய். பெரியவர்கள் எல்லோரும் தன்னை நம்பி நிற்கிறார்கள் என்கிற பொறுப்பு அந்தச் சின்ன முகத்தில் தெரிந்தது. வலதுபக்கப் பொட்டலத்தை எடுத்து அப்பாவிடம் கொடுத்தாய். வெள்ளையைப் பார்த்ததும் மாமா உன்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். சாமி காலடியில் கிடந்த இன்னொரு பொட்டலத்தை நான் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அதை யாரும் கேட்கவில்லை. வேண்டிய பதில் வந்துவிட்டால் மிச்சப் பொட்டலத்தை யார் கேட்கிறார்கள்?

நான்கு மாதம் அந்தக் கார் ராஜா மாதிரி ஓடியது. அப்புறம் ஒரு கோடை மழையில், உன்னைச் சேலத்துக்குக் கூட்டிப்போகும்போது, மல்லூர்ப் பக்கம் முதலில் வைப்பர் நின்றது, பிறகு விளக்கு, கடைசியில் எஞ்சின். சாவியைத் திருகினால் ஒரு சத்தமும் இல்லை. பின்சீட்டில் என் மடியில் நீ உதடு வெளுத்து இளைக்கிறாய். அப்பா நடு ரோட்டில் நனைந்துகொண்டு கையை ஆட்டுகிறார். ஒரு லாரிக்காரர் நிறுத்தி, "புள்ளையக் குடுங்கக்கா மொதல்ல" என்று உன்னை வாங்கிக் கேபினில் உட்காரவைத்துக்கொண்டு வந்து ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார். சாயங்காலத்துக்குள் நீ எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டாய். அந்த மனிதரின் பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

வண்டியை ராசிபுரத்துக்கு இழுத்துவந்து மெக்கானிக்கிடம் விட்டோம். இப்போதும் நம் வண்டியைப் பார்க்கிறாரே, அவரேதான். அவர் எஞ்சினைத் தொடவே இல்லை. பின்கதவைத் திறந்து சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார். நீ சின்னப் பிள்ளை. உனக்குக் கட்டும்போது பாதிதான் வெளியே வரும். முழுக்க இழுத்ததும் உள்ளே சுருண்டிருந்த பாதியில் காய்ந்த வண்டல், கோடு போட்ட மாதிரி. "வெள்ளத்துல கழுத்தளவு நின்ன வண்டீங்க இது. கடலோரத்துல எங்கியோ நின்னிருக்கு, கழுவி வித்திருக்கறாங்க. வயரெல்லாம் உள்ளுக்குள்ள பச்ச பூத்துக் கெடக்கு. வாங்கறப்ப யாருங்க பாத்தது?" என்று கேட்டார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "சாமி பாத்துதுங்க" என்றார். மெக்கானிக் பெல்ட்டைக் கையிலிருந்து விட்டார். "ஏனுங்கண்ணா, சாமிக்குப் பெல்ட்டை இழுத்துப் பாக்கத் தெரியலீங்களா?" என்றார். அந்த நிலைமையிலும் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

மாமா ஏமாற்றினாரா என்று நீ பெரியவளான பிறகு ஒரு முறை கேட்டாய். இல்லை. விஷயம் தெரிந்ததும் அவர் ஓடிவந்து நின்ற கோலம் எனக்கு மறக்காது. "எனக்கே தெரியாது அம்மிணி. எனக்கு வித்தவன் உங்கண்ணி வகைல சொந்தம். அவன் வண்டியப் போயி நான் எப்படிச் சோதிக்கறது?" என்றார். ஒருவர் மனம் நோகக் கூடாது என்று அடுத்தவர், அவர் மனம் நோகக் கூடாது என்று நாங்கள். யாருமே பெல்ட்டை இழுக்காமல் அந்த வண்டல் எங்கோ கடற்கரையிலிருந்து சொந்தத்தின் வழியாகவே வந்து, உன்னைக் கட்டிய பெல்ட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். யாருக்கு யாரைக் குறை சொல்வது என்று தெரியவில்லை. மாமா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அத்தை, அப்பாவின் அக்கா, அந்த மௌனம் தாங்காமல்தான் பேசினார் என்று இன்றும் நினைக்கிறேன். "ஏப்பா, அன்னைக்குப் பூவு எடுத்தது யாரு? இவதான? எல்லாக் கையும் ஒரே மாதிரி இருக்குமா. இனிமே நல்ல காரியத்துக்கு இவள எடுக்கச் சொல்லாதீங்க." அத்தை கெட்டவர் இல்லை. என் அண்ணனையும் நோகாமல், சாமியையும் நோகாமல், அந்தப் பழியை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது. அங்கே இருந்ததிலேயே சின்ன ஆள் நீ. உன்மேல் இறக்கிவைத்தார். நான் காப்பி டம்ளர்களோடு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும். சொன்னால் சாமி முன்னால் கள்ளத்தனம் செய்தவள் என்று ஆகிவிடுவேன். சொல்லாவிட்டால் ஒரு குழந்தைப் பேச்சு, நாலு நாளில் மறந்துவிடும் என்று நினைத்தேன். நீ உன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நாலு நாளில் யாரும் மறக்கவில்லை. நீயும் மறக்கவில்லை. ஆறாம் வகுப்பில் சீட்டுக் குலுக்கியபோது உனக்குப் பதிலாகத் தோழியை எடுக்கச் சொன்னாய் என்று டீச்சர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். பிளஸ் டூ முடித்து எந்தக் கல்லூரி என்று கம்ப்யூட்டரில் தேர்ந்தெடுக்கும்போது, எல்லாம் யோசித்து முடிவு செய்தவள் நீ, கடைசியாக அழுத்தும்போது மட்டும் அப்பாவின் விரலைப் பிடித்து அழுத்தினாய். புது ஸ்கூட்டர் சாவியை உனக்குப் பதிலாக என்னை வாங்கிக்கொள்ளச் சொன்னாய். ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை வரைக்கும் வரும். ஒவ்வொரு முறையும் இன்னொரு நாள் என்று விழுங்குவேன். நாள் ஆக ஆகச் சொல்வது இன்னும் கடினமாகிக்கொண்டே போனது. தப்பைவிட மறைத்தது பெரிதாக வளர்ந்துவிட்டது.

நேற்றுக் காலை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அட்டைக் கட்டுகளுக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். "ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும்" என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். கயிற்றைக் கீழே வைத்தார்.

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயுந்தானுங்க."

பக்கத்திலிருந்த கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. பிறகு, "அட கெரகமே" என்றார். "பதினாறு வருசமா அந்தக் கோயலுக்குப் போறனே, கும்புட்டுப்போட்டு வருவனே ஒழிய ஒண்ணுமே கேக்கறதில்ல, தெரியுமா உனக்கு? புள்ளைய வெச்சு ஏமாத்திப்போட்டாருன்னு மனசுக்குள்ள அந்தச் சாமிமேல ஒரு கோவம். அவரு ஒண்ணுமே பண்லீன்னு இப்பச் சொல்ற. நான் போயி மன்னிப்புக் கேக்கோணும். நீயும் வா, நீதான் முன்னால நிக்கோணும்" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மறுபடி கயிற்றை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "மொதல்ல புள்ளைகிட்டச் சொல்லு. சாமி காத்திருக்கும்."

அத்தைக்கும் போன் செய்தேன். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். "அடிப்பாவி, அந்தப் பச்சப் புள்ள தலைல கொண்டுபோயி ஏத்தி வெச்சேனே" என்று அழுதார். என்னைத் திட்டினார், அப்புறம் தன்னைத் திட்டிக்கொண்டார். கடைசியில், "ஞாயித்துக்கெழம வண்டி எடுத்தா நேரா எங்கூட்டுக்கு ஓட்டியாரச் சொல்லு. அவ கையால எங்கூட்டு வெளக்க ஏத்தோணும்" என்றார். "எடுத்தாத்தானுங்க. வேண்டாம்னு விட்டுப்போட்டும் வருவா" என்றேன். "அப்பப் பஸ்ஸுல வரச் சொல்லு. வெளக்கு அங்கியேதான் இருக்கும்" என்றார்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வா. என்னைக் கூட்டிப்போகாதே. நான் வந்தால் எனக்கு முன்னால் என் தவிப்பு போய் அந்தக் காரில் உட்கார்ந்துகொள்ளும். லாரிகளுக்கு நடுவில் நீ ஸ்கூட்டரில் போகக் கூடாது என்கிற அந்தத் தவிப்புக்கு எந்தக் காரும் நல்ல காராகத்தான் தெரியும். அன்று இரண்டாவது பொட்டலத்தைக் கட்டியதும் அதுதான். மெக்கானிக்கைக் கூட்டிப்போ. கேட்டுவிட்டேன், காலையில் பஸ் ஏறி வருகிறேன் என்றார். ஆனால் அவரிடம் தகவலைக் கேள், முடிவைக் கேட்காதே.

தெரிந்தவர் வண்டியைச் சோதித்தால் மனம் நோகுமே என்று கேட்டாய். பண்ணையில் தீவன மூட்டையின் வாயில் இருப்பதை அள்ளாமல், கூர்க்குழாயை நடுமூட்டையில் குத்தி மாதிரி எடுப்பாயே, எந்தப் பண்ணைக்காரராவது உன்னிடம் கோபித்துக்கொண்டாரா? போன தடவை வந்தபோது நீதான் எனக்குச் சொன்னாய், மேலாகப் பார்த்தால் பூஞ்சை தெரியாதும்மா, நடுவில்தான் இருக்கும் என்று. காரும் ஒரு மூட்டைதான். அந்த வீட்டுப் பெரியவரிடம் சனிக்கிழமையே போன் செய்து, "காலைல நான் வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்கய்யா, ஆறின எஞ்சினைப் பாக்கணும்" என்று நேராகவே சொல்லிவிடு. ஒழுங்காக வைத்திருந்த மனிதருக்கு அப்படிக் கேட்பவர்களைப் பிடிக்கும்.

போனதும் பானெட்டின்மேல் புறங்கையை வை. சூடாக இருந்தால் முன்பே ஓடவிட்டு வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று வந்துவிடு. ஆறிய எஞ்சின்தான் தன் இருமலை மறைக்காது. இருமலைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டுமா? சாவி போட்டதும் சைலன்சர் பக்கம் போய் நில். காலை நேரத்தில் லேசான வெள்ளைப் புகை வந்து மறைந்தால் பயமில்லை, நீலமாக வந்துகொண்டே இருந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம். ஸ்டார்ட் செய்வதற்கு முன்னாலேயே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடியில் பார். வெண்ணெய் மாதிரி வெளுத்த பிசுக்கு அப்பியிருந்தால் உள்ளே தண்ணீர் போகிறதா என்று மெக்கானிக்கிடம் கேள். சீட் பெல்ட் ஐந்தையும் கடைசி வரைக்கும் இழுத்துப் பார். ஐந்தையும். கேலி செய்தால் செய்யட்டும். உன் மாதிரிப் பெட்டிகள் போகப்போகிற டிக்கியில் விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியையும் எடுத்துவிட்டு அடித்தகட்டைத் தடவிப் பார். துருவோ புது வெல்டிங்கோ இருந்தால் பின்னால் எங்கேயோ இடி வாங்கியிருக்கிறது. மீட்டரில் கிலோமீட்டர் கொஞ்சமாகக் காட்டி, கிளட்ச் பெடலின் ரப்பர் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டரை நம்பாதே, ரப்பரை நம்பு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் அதைச் செய்த வாரம், அடுத்த இரண்டும் செய்த வருடம். சர்வீஸ் சீட்டுகளை வாங்கித் தேதியும் கிலோமீட்டரும் ஒழுங்காக ஏறிக்கொண்டே வருகிறதா பார். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் அடித்திருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார். கடன் இருந்திருந்தால் அது நீங்கிய காகிதம் எங்கே என்று கேள்.

பிறகு ஓட்டு. பாட்டு போட்டிருந்தால் அணைக்கச் சொல். ஏ.சி.யை முழுக்க வைத்துக்கொண்டு, காவிரிப் பாலத்தைத் தாண்டி ஈரோட்டுப் பக்கம் போய்த் திரும்பி வா. நல்ல ரோட்டில் ஓட்டியது போதாது, குண்டும் குழியுமாக ஒரு சந்தில் மெதுவாக விடு. அடியில் கடகடவென்றால் மெக்கானிக் எதென்று சொல்வார். ஆளில்லாத நேர் ரோட்டில் ஸ்டியரிங்கை ஒரு நொடி லேசாக விட்டுப் பார், ஒரு பக்கமாக இழுக்கக் கூடாது. திரும்பி வந்து நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் பத்து நிமிடம் விட்டுவிட்டுச் சூடு காட்டும் முள்ளைப் பார். இந்த மாதிரி செடான்களைச் செய்வதைப் பல கம்பெனிகள் நிறுத்திவிட்டன என்கிறார்கள். இந்த வண்டிக்கு நாமக்கல்லிலோ சேலத்திலோ பொருள் கிடைக்கிறதா என்று சனிக்கிழமை சாயங்காலமே இரண்டு கடையில் விசாரித்துவிடு. எவ்வளவு நல்ல வண்டியும் ஒரு நாள் நிற்கும். நின்றால் மறுநாள் கிளம்ப வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகு பிடித்திருந்தால் எடு. பிடிக்காவிட்டால் டீ குடித்துவிட்டு, வணக்கம் சொல்லிவிட்டு வா. எது செய்தாலும் எனக்குப் போன் செய்து கேட்காதே, செய்த பிறகு சொல். நாளைக்கே அந்த வண்டி எங்கேயாவது நின்றாலும், நன்றாகப் பார்த்து எடுத்த வண்டி நின்றது என்றுதான் அர்த்தம். அது உன் கையின் குற்றம் ஆகாது. அன்றும் ஆகவில்லை.

நாளை மத்தியானம் அட்டை இறக்க நாமக்கல் வரும்போது அப்பா இந்தக் கடிதத்தோடு ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவும் கொண்டுவந்து தருவார். அதில்தான் அந்த இன்னொரு பொட்டலம் இருக்கிறது. இடுப்பில் செருகிக்கொண்டு வந்ததை எறியவும் மனம் வரவில்லை, பிரிக்கவும் தைரியம் வரவில்லை. பட்டுப்புடவைகளுக்கு அடியில் பதினாறு வருடம் கிடந்தது. எறிந்திருந்தால் நாளாக ஆக நானே செம்பருத்தி வைத்ததாக நம்ப ஆரம்பித்திருப்பேன். மஞ்சள் நூல் நான் போட்ட முடிச்சோடு அப்படியே இருக்கிறது. உள்ளே பூ வெள்ளையாக இருக்காது, பழுத்துத் தூளாகும் நிலையில் இருக்கும். ஆனால் காய்ந்த பிறகும் இரண்டும் வேறு வேறுதான்: செம்பருத்தியின் நடுவில் நீளமாக ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும், நந்தியாவட்டைக்கு அது கிடையாது.

அம்மா சொல்கிறாளே என்று நம்பிவிடாதே. நீயே நூலை அவிழ்த்து, வெள்ளைத் தாளில் கொட்டி, உன் லென்ஸை வைத்துப் பார். பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கையோடு பள்ளிபாளையத்துக்குப் போ. பானெட்டில் வைத்துப் பார். சில்லென்று இருந்தால் ஆரம்பி.

அம்மா